சிவப்பு பிரேக் விளக்கு திருப்பத்தில் எரிகிறது: பேட் நன்றாக இருக்கிறது, கசிவும் தெரியவில்லை

சாலைமாறி

வணக்கம் நண்பர்களே. கை கியர் போட்ட பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கொஞ்ச நாளாக டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு, இடது பக்கம் வளையும்போது பளிச்சென்று எரிகிறது. வண்டி நேரானதும் அணைந்துவிடுகிறது. அழுத்திப் பிரேக் போட்டாலும் ஒரு கணம் வந்து போகிறது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு வரவே இல்லை. பிரேக் பிடிப்பில் குறை எதுவும் தெரியவில்லை, பெடல் எப்போதும் போலத்தான்.

போன சர்வீஸிலேயே இதைச் சொன்னேன். "பிரேக் ஆயில் கொஞ்சம் கம்மி, ஊற்றிவிட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கொஞ்ச காலம் விளக்கு வரவில்லை. இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறது. சென்சார்தான் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றலாமா, இல்லை வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பறக்கும்தட்டு

எனக்கும் இதே தொல்லை இருந்தது. பிரேக் ஆயில் டப்பாவில் இருக்கும் கனெக்டரைப் பிடுங்கி விட்டேன். விளக்கும் இல்லை, கவலையும் இல்லை. பிரேக்தான் நன்றாகப் பிடிக்கிறதே!

ஒற்றைவயர்

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆனால் அதே கனெக்டரை *சோதனைக்காக* ஒரு நிமிடம் கழற்றலாம்.

முதலில் ஹேண்ட் பிரேக். பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கை இரண்டு சுவிட்சுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று ஹேண்ட் பிரேக் லீவரின் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச், இன்னொன்று ஆயில் டப்பாவின் மிதவை. இரண்டில் எது மூடிக்கொண்டாலும் விளக்கு எரியும். லீவரை விட்ட பிறகு கையால் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்திப் பாருங்கள். அணைந்தால் சுவிட்சின் தகடு வளைந்திருக்கிறது, அல்லது தூசி அடைத்து முழுதாக அமுங்காமல் நிற்கிறது. லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

லீவரில் குற்றம் இல்லை என்றால் அடுத்தது டப்பா. விளக்கு நிலையாக எரியும்படி வண்டியை ஒரு சரிவில் நிறுத்தி, சாவி போட்ட நிலையில் கனெக்டரை உருவுங்கள். விளக்கு அணைந்தால் எரியச் சொல்வது மிதவை. அணையவில்லை என்றால் ஹேண்ட் பிரேக் சுவிட்ச், அல்லது எங்காவது பாடியில் உரசி எர்த் ஆன வயர். சில புதிய வண்டிகளில் கனெக்டரைக் கழற்றுவதையே கோளாறாக எடுத்துக்கொண்டு விளக்கைப் போடுவார்கள். உங்கள் வண்டி அந்த ரகமா என்று கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கை

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. திருப்பத்தில் எரிகிறது, நேரானால் அணைகிறது என்றால் ஆயில் ஒரு பக்கம் சாய்கிறது, மிதவை இறங்குகிறது. வீட்டு மேல்தொட்டியில் இருக்கும் பந்து மாதிரிதான் இதுவும். மிதவைக்குள் ஒரு சின்ன காந்தம், டப்பாவின் அடியில் ரீட் சுவிட்ச். காந்தம் கிட்டே வந்தால் சுவிட்ச் மூடும், விளக்கு எரியும். இடது பக்கம் வளைந்தால் ஆயில் வலது பக்கம் ஒதுங்கும். பிரேக் அழுத்தினால் முன்பக்கம் ஓடும். டப்பா நிறைய இருந்தால் இந்த ஆட்டம் மிதவையைத் தொடாது. மினிமம் கோட்டுப் பக்கம் வந்தால்தான் தொடும். சென்சார் கெட்டிருந்தால் திருப்பத்தைப் பார்த்து எரியாது.

அதனால் கேள்வி "விளக்கு ஏன் எரிகிறது" என்பதில்லை. ஆயில் எங்கே போனது?

பிரேக் ஆயில் ஆவியாகிக் குறையும் பொருள் இல்லை. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் இருக்கிறது. மட்டம் இறங்க இரண்டே வழி: பேட் தேய்ந்து, அதை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது எங்கேயாவது வெளியே கசிந்திருக்க வேண்டும். பேட் தேய்ந்து இறங்கினால் ஊற்றக் கூடாது. புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவோம் இல்லையா, அப்போது அந்த ஆயில் எல்லாம் டப்பாவுக்குத் திரும்பி வரும். நடுவில் யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்து கொட்டி பெயிண்ட்டைத் தின்றுவிடும். கசிந்து இறங்கினாலும் வெறுமனே ஊற்றக் கூடாது, கசிவைப் பிடித்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சர்வீஸில் செய்தது விளக்கை அணைக்கும் வேலை.

பேட்டின் கனம் எவ்வளவு என்று பாருங்கள். வெளிப் பேட்டை மட்டும் சக்கரத்தின் இடைவெளியில் எட்டிப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். காலிப்பர் நகரும் ஊசி இறுகிப் போன வண்டிகளில் வெளிப் பேட் புதுசு போல இருக்கும், உள் பேட் தகடு வரை போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பாருங்கள்.

பறக்கும்தட்டு

அந்தக் காலத்து வண்டிகளில் இந்த விளக்கே கிடையாது. ஓட்டவில்லையா?

எண்ணெய்க்கை

ஓட்டினோம். காலையில் பானட்டைத் திறந்து எண்ணெய், தண்ணீர், பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவோம். நீங்கள் தினமும் திறந்து பார்ப்பீர்கள் என்றால் கனெக்டரைப் பிடுங்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மழைமேகம்

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். என் வண்டியில் இந்தச் சிவப்பு விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்தே எரிகின்றன, அணைவதே இல்லை. ஆயில் மேக்ஸிமம் கோட்டில் இருக்கிறது. இதுவும் கசிவா?

ஒற்றைவயர்

இல்லை, உங்களுடையது வேறு கதை. ஏபிஎஸ் பெட்டிதான் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஈபிடி வேலையையும் பார்க்கிறது. ஏபிஎஸ் மட்டும் நின்றால் மஞ்சள் விளக்கு. ஈபிடியும் சேர்ந்து நின்றால் சிவப்பையும் போடும். சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் வேகத்தில் அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொண்டு வால் வீசலாம். மெதுவாக, இடைவெளி விட்டு ஓட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பெரும்பாலும் சக்கர வேக சென்சார், அதன் வயர், அல்லது ஃபியூஸ். எஞ்சின் கோளாறு மட்டும் காட்டும் மலிவான ஸ்கேனரில் இது தெரியாமல் போகலாம். ஏபிஎஸ் கோளாறுக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்த கருவி வேண்டும். எந்தச் சக்கரம் என்று குறியீடு சொன்னதும் அங்கே போய் முதலில் கனெக்டரைத் திறந்து பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். சென்சாரை அப்புறம் வாங்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாராவது தேடி வருவார்கள். பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் ஜோடியாக எரிந்தால், சில பழைய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டர் கோளாறு. பிரேக்கை நோண்டிக்கொண்டிருக்காமல் சார்ஜ் வோல்டேஜைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

மழைமேகம்

நன்றி. கருவி உள்ள இடத்துக்கே கொண்டுபோகிறேன்.

சாலைமாறி

எல்லாருக்கும் நன்றி. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஹேண்ட் பிரேக் லீவரை அழுத்தினாலும் தூக்கினாலும் வித்தியாசம் இல்லை. சரிவில் நிறுத்தி டப்பா கனெக்டரை உருவியதும் விளக்கு அணைந்தது, மாட்டியதும் எரிந்தது. மல்டிமீட்டர் வைத்தும் பார்த்தேன். மிதவை கீழே இருக்கும்போது கனெக்டரின் இரண்டு கால்களுக்கும் இடையில் கிட்டத்தட்ட 0 ஓம்ஸ். குச்சியால் மிதவையை மேலே தூக்கினால் திறந்துகொள்கிறது. ஆக சென்சார் நன்றாகவே இருக்கிறது.

சமதளத்தில் மட்டம் மினிமம் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே. முன் பேட் உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ 8 மிமீ, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த தூசிதான். ஹோஸ்களை வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. நிறுத்துமிடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

அளவு தெரியட்டும் என்று ஊசி இல்லாத சிரிஞ்சில் புது டாட் 4 ரகப் பிரேக் ஆயில் எடுத்து மேக்ஸிமம் கோடு வரை ஏற்றினேன். 60 மில்லி பிடித்தது.

அளவுகோல்

சிரிஞ்சில் அளந்தது ரொம்ப நல்ல காரியம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முன் காலிப்பர் பிஸ்டன் விட்டம் 54 மிமீ என்று வைத்துக்கொள்வோம், இந்த அளவு வண்டிகளில் சாதாரணமாக வருவது. அதன் பரப்பு 22.9 சதுர செமீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் உள் பேட், வெளிப் பேட் இரண்டின் தேய்மானத்தையும் அந்த ஒரே பிஸ்டன்தான் ஈடுகட்ட வேண்டும். பேட் ஒவ்வொன்றும் 1 மிமீ தேய்ந்தால் பிஸ்டன் 2 மிமீ வெளியே வரும். ஒரு சக்கரத்துக்கு 4.6 மில்லி, இரண்டுக்கும் சேர்த்து 9 மில்லி சொச்சம்.

புது பேட் 11 மிமீ என்றால் 3 மிமீ வரை தேய்ந்து முடிய முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 73 மில்லி இழுக்கும். அதாவது பேட்டின் முழு ஆயுளுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. உங்களுக்குப் போன சர்வீஸில் நிரப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பேட் 1 மிமீ தேய்ந்திருந்தாலே அதிகம். 9 மில்லி போக வேண்டிய இடத்தில் 60 மில்லி போயிருக்கிறது. மீதி ஐம்பது மில்லி வண்டியை விட்டு வெளியே போய்விட்டது, அல்லது வண்டிக்குள்ளேயே உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

பறக்கும்தட்டு

அவர்கள் மேக்ஸிமம் வரை நிரப்பினார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாதி ஊற்றியிருக்கலாம்.

அளவுகோல்

நியாயமான சந்தேகம். அதனால்தான் இப்போதிருந்து கணக்கு வைக்கலாம் என்கிறேன். சாலைமாறி, டப்பாவின் வெளியே இப்போதைய மட்டத்தில் ஒரு ஓரம் பார்த்து டேப் ஒட்டிவிடுங்கள். வண்டியை நிறுத்தும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும். சாய்வு மாறினால் மட்டமும் பொய் சொல்லும்.

எண்ணெய்க்கை

கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பூஸ்டர், பெடல் அழுத்தத்தை எஞ்சின் வெற்றிடத்தால் கூட்டிக்கொடுக்கும் பாகம். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போய்விட்டால் ஆயில் தரையில் சொட்டாது, நேராகப் பூஸ்டரின் வயிற்றுக்குள் போய்விடும். வெற்றிடம் உறிஞ்சி எஞ்சினுக்குள் இழுத்தால் புகைபோக்கியில் வெள்ளைப் புகைகூட வரும். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் கழற்றிவிட்டு, பைப்புகளைத் திறக்காமல், வளைக்காமல், சிலிண்டரை ஒரு விரல் அளவு மட்டும் முன்னால் இழுத்துப் பாருங்கள். உள்ளே ஈரமா? பூஸ்டரின் கீழ்ப்பக்கம் பெயிண்ட் உரிந்திருக்கிறதா?

எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் பிடித்தும் பாருங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் உள் சீல் போயிருக்கிறது. ஆனால் உள் சீல் மட்டும் போனால் ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடும், மட்டம் குறையாது. உங்கள் பிரச்சினை அதுவாக இருக்காது. எதற்கும் பார்த்துவிடுங்கள்.

கியர்ராணி

கொஞ்ச நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காத ஒரு கேள்வி: சாலைமாறி, உங்கள் கிளட்ச் கேபிளா, ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக்கா?

பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டில், கொஞ்சம் மேலாக, சின்ன ரப்பர் ஹோஸ் ஒன்று தனியாகப் புறப்படுகிறதா பாருங்கள். புறப்பட்டால் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது.

எண்ணெய்க்கை

சபாஷ். இதைத்தான் அடுத்து கேட்க நினைத்தேன், அம்மா முந்திக்கொண்டார்கள்.

சாலைமாறி

பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் காய்ந்த துருப்பொடிதான், ஈரம் இல்லை. பெடலைப் பிடித்தால் அசையாமல் நிற்கிறது.

கியர்ராணி சொன்ன ஹோஸ் இருக்கிறது! டப்பாவின் இடது ஓரத்தில், மினிமம் கோட்டுக்குச் சற்றுக் கீழே புறப்பட்டு, எஞ்சின் அறைக்கும் காரின் உட்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு (ஃபயர்வால்) பக்கம் போகிறது. கிளட்ச் ஹைட்ராலிக்தான்.

இன்னொன்று. சம்பந்தம் இல்லை என்று நினைத்து எழுதவில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போடும்போது கர்ரக் என்கிறது. கிளட்ச் முன்பு பாதி வழியில் பிடிக்கும், இப்போது தரையிலிருந்து கொஞ்சம் விட்டதுமே பிடிக்கிறது. இரண்டு முறை மிதித்தால் சரியாகிவிடுகிறது.

கியர்ராணி

சம்பந்தம் இருக்கிறது. கிளட்ச் ஹைட்ராலிக்கில் ஆயில் கசிகிற இடத்தில் காற்றும் நுழையும். காற்று அமுங்கிக்கொடுக்கும், அதனால் நீங்கள் முழுதாக மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடாது. ரிவர்ஸ் கத்துவது அதனால்தான். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு, பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் சிங்க்ரோ கிடையாது, அதனால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். திரும்ப மிதித்தால் சரியாவதும் காற்றின் அடையாளம்.

பிரேக்கில் ஒரு குறையும் தெரியாததற்குக் காரணம் டப்பாவின் உள்ளமைப்பு. உள்ளே தடுப்புகள் இருக்கும். பிரேக் குழாய்களின் இரண்டு தனிச் சுற்றுக்கும் அடியில் தனித்தனி அறை. கிளட்ச் ஹோஸ் மேலே இருந்து எடுப்பதால் கிளட்ச் பக்கம் எவ்வளவு ஒழுகினாலும் மட்டம் அந்த ஓட்டை வரைதான் இறங்கும். அதற்குக் கீழே இருப்பது பிரேக்குக்கு என்று ஒதுக்கிவைத்தது. கிளட்ச் செத்தாலும் பிரேக் பிடிக்கும். விளக்கோ யார் குடித்தார்கள் என்று பார்க்காமல் மட்டத்தை மட்டும் பார்த்து எரிகிறது.

இப்போது மூன்று இடம் பாருங்கள். ஒன்று, காருக்குள் குனிந்து கிளட்ச் பெடலின் மேலே மாஸ்டர் சிலிண்டர் தண்டு உள்ளே போகும் இடம். டார்ச் அடித்து, வெள்ளைத் தாளைத் தொட்டு எடுங்கள். கால் மிதியடிக்கு அடியில் கம்பளம் பிசுபிசுக்கிறதா? இரண்டு, போகும் வழியில் உள்ள இணைப்புகள். மூன்று, கியர்பாக்ஸ் பக்கம். கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே போல்ட் போட்டு மாட்டியிருந்தால் அதன் ரப்பர் உறையை நெம்பிப் பாருங்கள். வெளியே எதுவும் இல்லாமல் பைப் நேராகக் கியர்பாக்ஸுக்குள் நுழைந்தால், பேரிங்கோடு சேர்ந்த வட்ட ஸ்லேவ் உள்ளே இருக்கிறது. அது ஒழுகினால், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே தங்கும். சூட்டிலும் கிளட்ச் தட்டு சுற்றும் காற்றிலும் தெறித்துப் பரவிப் போய்விடுவதால், தரையில் சொட்டு விழ ரொம்ப நாள் ஆகலாம்.

சாலைமாறி

பெடல் பக்கம் வறண்டிருக்கிறது, தாளில் ஒன்றும் ஒட்டவில்லை. வெளியே ஸ்லேவ் எதுவும் இல்லை, பைப் உள்ளே நுழைகிறது.

முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே போய்ப் பார்த்தேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சின்னத் துளை ஒன்று. அதைச் சுற்றித் தூசி சேறு போல ஈரமாக ஒட்டியிருக்கிறது. விரலால் தொட்டால் கருப்பு. ஆனால் இது எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று எப்படிச் சொல்வது? எஞ்சினின் கிராங்க் தண்டு சீல் போனாலும் இங்கேதான் வரும் என்று படித்தேன்.

எண்ணெய்க்கை

சரியான கேள்வி. இங்கே அவசரப்பட்டுக் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

துளைக்குள் மெல்லிய கம்பியில் பஞ்சு சுற்றி விட்டு ஈரத்தை ஒற்றி எடுங்கள். கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி அந்தப் பஞ்சைப் பிழியுங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டும் மேலே வட்டமாக மிதக்கும், வெயிலில் வானவில் நிறம் காட்டும். பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) வகை, தண்ணீரோடு கலந்துவிடும். அழுக்குத்தூள் மட்டும் அடியில் படியும். சிலிகான் வகை டாட் 5 கலக்காது, ஆனால் ஏபிஎஸ் வண்டியில் அதை யாரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். கை வைத்துப் பார்த்தாலும் தெரியும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை தூக்கலாக இருக்கும், பிரேக் ஆயில் மெல்லிசாக வழுக்கும். முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், கண்ணில் படக் கூடாது.

சாலைமாறி

தண்ணீரில் பிழிந்தேன். ஒரு பொட்டுகூட மிதக்கவில்லை. தண்ணீர் லேசாகப் பழுப்பாகி, அடியில் கருப்புத் தூள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டம்ளரில் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டேன். அது அப்படியே மேலே பரவி நிற்கிறது. சந்தேகமே இல்லை.

டேப்பும் ஒட்டியிருந்தேன். மட்டம் அதற்குக் கீழே இறங்கியிருக்கிறது.

பறக்கும்தட்டு

அடேயப்பா. பிரேக் விளக்கில் ஆரம்பித்துக் கிளட்சில் வந்து நிற்கிறது. இதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமே? அதுவரை ஊற்றி ஊற்றி ஓட்டலாமா?

கியர்ராணி

பணிமனை வரை போகலாம். நீண்ட பயணத்துக்கு நான் சரி சொல்ல மாட்டேன். பிரேக்குக்கு ஒதுக்கிய ஆயில் பத்திரமாக இருந்தாலும், நெரிசலில் முதல் கியரில் கிளட்ச் விடாமல் மாட்டிக்கொண்டால் வண்டி முன்னால் இருப்பவரை இடிக்கும். அதோடு கசிகிற ஆயில் கிளட்ச் தட்டின் லைனிங்கில் பட்டுவிட்டால் நடுங்கும், வழுக்கும். பட்ட தட்டைக் கழுவி உலர்த்திப் போடுவது எல்லாம் நிற்காது. தாமதிக்கத் தாமதிக்க மாற்ற வேண்டிய உருப்படிகள் கூடும்.

எண்ணெய்க்கை

பொதுவாக ஒரு விஷயம். சிவப்பு விளக்கு எரியும்போது ஓட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் பெடலைக் கேட்கச் சொல்வேன். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ அங்கேயே ஓரம் கட்டி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். இரண்டு சுற்றில் ஒன்று போயிருக்கலாம், மிச்சம் இருப்பது பாதி பிரேக்தான். பெடல் உயரமாக, கெட்டியாக இருந்து, டப்பாவிலும் ஆயில் கண்ணுக்குத் தெரிந்தால் மெதுவாகப் பணிமனைக்கு ஓட்டிப் போகலாம்.

ஒற்றைவயர்

அதில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. பழகாதவருக்குப் பெடல் மாறியிருப்பது தெரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் காலும் சேர்ந்தே பழகிவிடும். சிவப்பு என்றால் நிறுத்தி, பானட்டைத் திறந்து மட்டத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த முடிவு.

எண்ணெய்க்கை

ஒத்துக்கொள்கிறேன். முதலில் மட்டம், அப்புறம் பெடல்.

சாலைமாறி

வண்டியை வேறொரு பணிமனையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கியதும் கூப்பிட்டுக் காட்டினார்கள். வட்ட ஸ்லேவின் ரப்பர் உறை ஒரு பக்கம் ஊதிப்போய் மடிப்புகளில் கருப்புக் குழம்பு. விரலால் அழுத்தினால் சீலின் ஓரத்தில் முத்து முத்தாக ஆயில் எட்டிப் பார்க்கிறது. பெல் ஹவுசிங்கின் உட்சுவரில் ஒரு பக்கம் மட்டும் விசிறி அடித்த மாதிரி கறை. தட்டின் விளிம்பில் கொஞ்சம் பட்டிருக்கிறது.

தட்டும் பிரஷர் பிளேட்டும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்கள். வேண்டுமா? தட்டில் இன்னும் கனம் இருக்கிறது.

கியர்ராணி

மாற்றுங்கள். லைனிங்கில் ஆயில் பட்ட தட்டை நான் திரும்பப் போட மாட்டேன். இறக்கி ஏற்றும் வேலைதான் பெரியது, ஒரே தடவையில் முடியட்டும். பேரிங் புது ஸ்லேவோடு சேர்ந்தே வந்துவிடும். ஃப்ளைவீலின் முகத்தை பிரேக் கிளீனரால் துடைக்கச் சொல்லுங்கள். நீலம் பூத்தோ வெடித்தோ இருந்தால் கேளுங்கள். கியர்பாக்ஸ் இன்புட் தண்டின் சீலையும், தெரிகிற கிராங்க் சீலையும் ஒரு பார்வை பார்க்கட்டும். புது ஸ்லேவை வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் கையால் அமுக்கி விளையாட வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிரில் அழுத்தம் இல்லாமல் அதிகம் நீட்டினால் சீல் இடம்பெயர்ந்துவிடும்.

எண்ணெய்க்கை

ஏர் எடுப்பதை, அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் டப்பாவைத் திறக்கிறீர்கள், பிரேக் ஆயிலையும் முழுதாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பே 155 ஆகிவிடுகிறது. டாட் 3க்கு இதே கணக்கு 205, 140. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி, குமிழி வந்தால் பெடல் தரையில். பெரும்பாலான கையேடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருப்பதற்கு இதுதான் காரணம். திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றக் கூடாது, சீல் உடைக்காத புதுசு வேண்டும்.

எந்தச் சக்கரத்தில் முதலில் ஏர் எடுப்பது என்ற வரிசை, கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பார்கள். டப்பா காலியாக விடக் கூடாது. ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் அதை வெளியேற்ற ஸ்கேனர் தேவைப்படலாம். பழைய மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் பெடலைத் தரை வரை மிதித்து ஏர் எடுக்கச் சொல்லாதீர்கள். சீல் இதுவரை போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கீறிக்கொள்ளும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். கிளட்சை அவசரப்படாமல், நிப்பிளைத் திறந்து தானாக வடியவிட்டே பெரும்பாலும் முடித்துவிடலாம்.

சாலைமாறி

வேலை முடிந்து வண்டி வந்துவிட்டது. ஸ்லேவ், தட்டு, பிரஷர் பிளேட் புதுசு. பிரேக்கிலும் கிளட்சிலும் புது டாட் 4. பழைய ஆயில் தேநீர் நிறத்தில் வந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது, கிளட்ச் பழைய உயரத்தில் பிடிக்கிறது.

சாவி போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, எஞ்சின் ஓடியதும் ஹேண்ட் பிரேக்கை விட்டதும் அணைகிறது. அதே இடது திருப்பத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக வளைத்துப் பார்த்தேன், வரவில்லை. புது மட்டத்தில் புது டேப் ஒட்டியிருக்கிறேன்.

பறக்கும்தட்டு

ஒரு சந்தேகம். என் வண்டியிலும் கிளட்ச் ஹைட்ராலிக்தான். கனெக்டரைத் திரும்ப மாட்டினேன், விளக்கு உடனே எரிகிறது. மட்டம் மேக்ஸிமத்தில் இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஒற்றைவயர்

மட்டம் மேலே இருந்தும் எரிந்தால் இப்போதுதான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். டப்பாவை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். அணைந்தால் மிதவை அழுக்கில் ஒட்டியிருக்கிறது, ஆயில் மாற்றும்போது டப்பாவைக் கழுவினால் போகும். அணையவில்லை என்றால் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். மிதவை ஆயில் குடித்து அடியில் மூழ்கிக் கிடந்தால் அதைத் தனியாகவோ டப்பாவோடோ மாற்ற வேண்டியதுதான். மிதவை மேலே இருந்தும் எரிந்தால் கனெக்டரின் இரண்டு கால்களிலும் மீட்டரை வையுங்கள்.

பறக்கும்தட்டு

மூழ்கிக் கிடக்கிறது.

ஒற்றைவயர்

டப்பாவை ஆர்டர் போடுங்கள். வரும்வரை பானட்டைத் திறந்து பாருங்கள், எண்ணெய்க்கை சொன்ன மாதிரி.